அந்நியர் படையணியில் ஏன் சேர்கிறார்கள்?

கூலிப்படை என்ற சொல்லை நாம் மிகத் தாராளமாகப் பாவித்து வருகிறோம். எமது சஞ்சிகைகளிலும் சந்திப்புகளிலும், எமக்குப் பிடிக்காத படையில் இருப்பவன் கூலிக்கு வந்தவன். எமக்குப் பிடித்த படையில் இருப்பவன் உணர்வோடு வந்தவன். இந்தப் பாகுபாட்டை நானும் நீண்டகாலம் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருந்தேன். 1991 ஒக்ரோபரில், என்னோடு ஒரே அறையில் இருந்த ஒருவன் பிரெஞ்சு இராணுவத்தின் அந்நியர் படையணியில் சேரப்போவதாகச் சொன்ன அன்றுதான் அது முதல் தடவையாக ஆட்டங்கண்டது.

லாச்சப்பலுக்குக் கிட்ட, ஐந்தாம் மாடியில் ஓர் அறை. ஏழு பேர். இரவு வேலைக்குப் போகிறவன் எழும்பிய மெத்தையில் பகல் வேலைக்காரன் படுப்பான். அவன் எங்களில் இளையவன், பத்தொன்பது வயது, வடமராட்சிப் பக்கம். அகதிக் கோரிக்கை முதலிலும் நிராகரிக்கப்பட்டு, அப்பீலிலும் நிராகரிக்கப்பட்டிருந்தது. அந்தச் செப்ரெம்பர் இறுதியில்தான், புதிதாக அகதிக் கோரிக்கை வைப்பவர்களுக்குத் தானாகக் கிடைத்துவந்த வேலை செய்யும் உரிமையைப் பிரெஞ்சு அரசு சுற்றறிக்கை மூலம் நிறுத்தியிருந்தது. அது அவனை நேரடியாகப் பாதிக்கவில்லை; அவனிடம் பறிப்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. ஆனால் அறை முழுக்க அந்தக் கதைதான்.

ஒருநாள் காலை அவன் வேலைக்குப் போகவில்லை. ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவன். கேட்டபோது, "அண்ணை, நான் லெஜியோனுக்குப் போகப்போறன்" என்றான். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிரெஞ்சில் லெஜியோன் எத்ரான்ஜேர் என்பார்கள். எங்களுக்கு அது வெள்ளைத் தொப்பி, யூலை 14 ஊர்வலத்தில் நடந்து வரும் அணிகளில் கடைசியாக மெதுநடையில் வரும் தாடிக்காரர், இவ்வளவுதான். ஆனால் லாச்சப்பலில் அப்போது ஒரு கதை உலாவியது. அங்கே போனால் ஒன்றும் கேட்கமாட்டார்கள், புதுப் பெயர் தருவார்கள், ஐந்து வருடத்தில் பிரெஞ்சுப் பாஸ்போட். இந்தக் கதையில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பது போகிறவனுக்கு முக்கியமானது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்தப் படையணியில் சிப்பாய்களாகச் சேர்பவர்கள் உலகின் ஏறத்தாழ 140 நாடுகளைச் சேர்ந்தவர்கள். மொத்தம் சுமார் 9,000 பேர். அதிகாரிகளில் மிகப் பெரும்பாலானோர் பிரெஞ்சுக்காரர். வயது பதினேழரைக்கும் முப்பத்தொன்பதரைக்கும் இடையில் இருக்க வேண்டும். முதல் ஒப்பந்தம் ஐந்து வருடம். பிரெஞ்சு தெரிந்திருக்கத் தேவையில்லை. உள்ளே போனபின் அடியும் பாட்டுமாகக் கற்றுக்கொள்வார்கள். பெண்களைச் சிப்பாய்களாகச் சேர்ப்பதில்லை. சூசன் ட்றாவேர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் ஒருவர்தான் விதிவிலக்கு. 1942இல் பிர் ஹக்கெய்ம் முற்றுகையிலிருந்து தளபதி கேனிக்கின் காரை ஓட்டிக்கொண்டு வெளியேறிய அவரை 1945இல் முறைப்படி சேர்த்துக்கொண்டார்கள். அவருக்குப் பின் ஒருவருமில்லை.

ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்பது பொய். எல்லாம் கேட்பார்கள், திரும்பத் திரும்பக் கேட்பார்கள். பரிசுக்கு வெளியே நொஜோன் கோட்டையிலோ மார்செய்க்கு அருகே ஒபாஞ்ஞிலோ வாசலில் போய் நிற்கலாம். அடையாளப் பத்திரம் ஏதாவது வேண்டும். பிறகு உடற்பரிசோதனை, ஓட்டம், கம்பியில் தொங்கி எழும்புதல், மனோதத்துவச் சோதனை. இவற்றுக்குப் பிறகு ஒரு விசாரணை. இதை நடத்தும் பிரிவுக்குச் சிப்பாய்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் கெஸ்ராப்போ. பிறந்த நாள் முதல் வாசலில் வந்து நின்ற நாள்வரை அங்கே சொல்லவேண்டும். சில ஆண்டுகளில் எட்டுப் பேர் போனால் ஒருவரைத்தான் எடுத்திருக்கிறார்கள். கொலைக்குற்றவாளிகளுக்கு அடைக்கலம் என்ற சினிமாக் கதை இன்று செல்லாது; சிறு குற்றங்களைப் பொருட்படுத்தமாட்டார்கள், பாரதூரமானவற்றுக்கு இடமில்லை.

புதுப் பெயர் என்பது உண்மை. 2010 வரை அது கட்டாயமாகவே இருந்தது. பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர் எல்லாவற்றையும் மாற்றி எழுதுவார்கள். சொந்தப் பெயருக்குத் திரும்பும்வரை அவன் கலியாணம் கட்ட முடியாது. ஊரில் மனைவி இருந்தாலும் படையணியின் கணக்கில் அவன் தனி ஆள். இப்போது விரும்பினால் சொந்தப் பெயரிலேயே சேரலாம்.

பாஸ்போட் கதையும் அரைவாசி. மூன்று வருட சேவைக்குப் பின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்; கிடைப்பது நிச்சயமில்லை. 1999 டிசெம்பரில் வந்த ஒரு சட்டத்தின்படி, போர் நடவடிக்கையில் காயப்பட்ட சிப்பாய் கேட்டால் குடியுரிமை கொடுக்கப்படுகிறது. 'சிந்திய இரத்தத்தால் பிரெஞ்சுக்காரன்' என்று அதற்கு ஒரு பெயர். எவ்வளவு இரத்தம் என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை.

அவன் விடயத்துக்கு வருகிறேன். அன்று இரவு மற்றவர்கள் படுத்தபின், ஏன் என்று கேட்டேன். "விசாவுக்குத்தான், வேற என்னத்துக்கு" என்றான். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த அன்றிலிருந்து தங்குமிடம், சாப்பாடு, சம்பளம். பொலிஸ் பிடித்து ஏற்றிவிடும் பயமில்லை. இது எவருக்கும் விளங்கும் காரணம். இரண்டு நாள் கழித்து, ஏஜென்சிக்காரனுக்கு அம்மா வட்டிக்கு வாங்கிக் கொடுத்த காசின் கதை வந்தது. காணி ஈட்டில். தமக்கை வீட்டில். இதுவும் விளங்கும் காரணம்தான். நொஜோனுக்குப் போவதற்கு முதல்நாள் இரவு இன்னொன்று வந்தது. "என்னோட படிச்சவங்களில பாதிப் பேர் இயக்கத்துக்குப் போயிட்டாங்கள், அண்ணை. நாலு பேர் இப்ப இல்லை. நான் அம்மா அழுதா எண்டு வந்தனான். இங்க வந்து கோப்பை கழுவிறன்."

மூன்று நாளில் மூன்று காரணம். நான் அப்போது இதைக் குழப்பம் என்று நினைத்தேன். முதலில் சொன்னது சாட்டு, கடைசியில் சொன்னது உண்மை என்று தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். இன்று அப்படி நினைக்கவில்லை. மூன்றும் உண்மைதான். கேட்கும் ஆளுக்கும் நேரத்துக்கும் ஏற்றபடி ஒன்று முன்னுக்கு வருகிறது. இதுவே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது. எங்கள் விவாதங்களில் ஒருவன் ஆயுதம் எடுத்த காரணத்தை நாம் ஒற்றைச் சொல்லாகக் கேட்கிறோம். அவனும் எங்களுக்குத் தேவையான ஒற்றைச் சொல்லைத் தருகிறான்.

மறுநாள் ஆர்.ஈ.ஆர் ரயிலில் பொந்தனே சூ புவாவில் இறங்கி நடந்தோம். மழை. கோட்டை வாசலில் வெள்ளைத் தொப்பியோடு ஒரு சிப்பாய், சீனனோ நேபாளியோ தெரியவில்லை, அவனது பத்திரத்தை வாங்கிப் பார்த்தான். எனக்குக் கையால் போ என்று காட்டினான். அவன் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான். ஒரு சிறிய பை, அதற்குள் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தின் மொழிபெயர்ப்பும் இரண்டு சேட்டும்.

அறைக்குத் திரும்பியபோது விவாதம் தயாராக இருந்தது. சிங்கள ஆமி எங்களுக்குச் செய்ததை இவன் ஆபிரிக்காவில் போய்ச் செய்யப்போகிறான் என்றார் ஒரு நண்பர். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. அல்ஜீரியாவைப் பிடித்தவர்களும் மடகஸ்காரையும் இந்தோசீனாவையும் அடக்கியவர்களும் இந்தத் தொப்பிக்காரர்கள்தான். அந்த வருடத் தொடக்கத்தில் வளைகுடாப் போரில் அவர்கள் ஈராக்குக்குள் போனதை நாங்கள் ரெலிவிஷனில் பார்த்திருந்தோம். மற்றொருவர் ஒரே வார்த்தையில் முடித்தார்: "கூலிப்படை."

அந்தச் சொல்லைச் சட்டத்தில் தேடிப் பார்த்தேன். அந்நாட்களில் வேலையில்லாத எங்கள் ஆட்களுக்குச் சூடான இடம் பொம்பிடூ நிலையத்து நூலகம். எவரும் போகலாம், காட் கேட்கமாட்டார்கள். எனது பிரெஞ்சு அப்போது அரைகுறை, அகராதியோடு வாசித்தேன். ஜெனிவா ஒப்பந்தங்களுக்கான 1977ஆம் ஆண்டின் முதலாவது மேலதிக உடன்படிக்கை, 47ஆம் பிரிவில் கூலிப்படையாள் யார் என்று வரையறுக்கிறது. பல நிபந்தனைகள் ஒன்றாகப் பொருந்த வேண்டும். அவற்றில் ஒன்று, போரிடும் தரப்பின் இராணுவத்தில் அவன் உறுப்பினனாக இருக்கக்கூடாது. லெஜியோன் பிரெஞ்சு இராணுவத்தின் ஒரு பகுதி. ஆகவே சட்டப்படி அந்தச் சொல் இங்கே ஒட்டாது. என்னை யோசிக்க வைத்தது வேறொரு நிபந்தனை. தனிப்பட்ட இலாபத்துக்கான ஆசையே அவனைத் தூண்டியிருக்க வேண்டுமாம். அதாவது ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் இருக்கும் காரணத்தைப் பார்த்துத்தான் அவனுக்குப் பெயர் வைக்க வேண்டும். இதை எந்த நீதிபதி எப்படி நிரூபிப்பார்? அவன் மூன்று நாளில் எனக்குச் சொன்ன மூன்றில் எதை எடுத்துக்கொள்வார்?

தொடர்ந்து இந்தப் படையணியின் வரலாற்றை வாசித்தபோது எனக்குக் கிடைத்த முதல் ஆச்சரியம், இது ஆரம்பத்திலிருந்தே அகதிகளின் பிரச்சினையோடு பிறந்தது என்பதே. 1830 யூலைப் புரட்சிக்குப் பின் ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் நாடுகடந்தவர்களும் வேலையற்ற பழைய சிப்பாய்களும் பிரான்சில் குவிந்தார்கள். ஆட்சிக்கு வந்திருந்த லூயி பிலிப் மன்னருக்கு இவர்கள் தலையிடி. அதே வேளையில் அல்ஜீரியாவில் ஆள் தேவை. 1831 மார்ச் 10ஆம் திகதிய கட்டளை இரண்டையும் ஒன்றாகத் தீர்த்தது. வெளிநாட்டவரைக் கொண்ட படையணி. பிரான்சின் பெருநிலத்துக்கு வெளியே மட்டும் பாவிக்கப்பட வேண்டியது. நாட்டுக்குள் வேண்டாத ஆட்களை, நாட்டுக்காக வெளியே சாக அனுப்பும் ஏற்பாடு. நான்கு வருடத்தில் இன்னொன்றும் நடந்தது. 1835இல் மன்னர் அந்தப் படையணியை முழுதாக ஸ்பெயின் அரசிக்குக் கொடுத்துவிட்டார், அங்கே நடந்த உள்நாட்டுப் போருக்கு. போனவர்கள் ஆயிரக்கணக்கில். சுமார் 500 பேர்தான் திரும்பினார்கள். பிரான்சுக்குக் கையெழுத்து வைத்தவர்களிடம், ஸ்பெயினுக்குப் போகச் சம்மதமா என்று எவரும் கேட்கவில்லை. கையெழுத்து வைக்கும்வரைதான் காரணம் உன்னுடையது. அதற்குப் பிறகு அது படையினுடையது.

1914க்கு வருவோம். உலகப்போர் தொடங்கிய நாட்களில் பரிசில் வசித்த வெளிநாட்டவர்கள் ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்று சேர்ந்தார்கள். சுவிஸ் எழுத்தாளர் பிளேஸ் சாந்த்ரார் அவ்வாறு சேரும்படி வெளிநாட்டவரை அழைத்த அறிக்கையில் கையொப்பமிட்டு, தானும் சேர்ந்தார். 1915 செப்ரெம்பரில் ஷாம்பாஞ் போர்முனையில் வலது கையை இழந்தார். எழுதிய கை அதுதான். பின்னர் இடது கையால் எழுதினார். 1916இல் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. அமெரிக்கக் கவிஞர் அலன் சீகரும் 1914 ஓகஸ்ட்டில் சேர்ந்து, 1916 யூலை 4ஆம் திகதி கொல்லப்பட்டார். இவர்களுடையது நேசம், இலட்சியம். இதற்கு முதல் வருடம், 1913இல், ஏர்ன்ஸ்ற் யுங்கர் என்ற ஜேர்மன் பள்ளி மாணவன் வீட்டைவிட்டு ஓடிவந்து இதே படையணியில் சேர்ந்திருந்தான். காரணம் பாடசாலையும் வீடும் தந்த சலிப்பு, ஆபிரிக்காவைப் பற்றிய கனவு. அங்கிருந்தும் தப்பியோடப் பார்த்துப் பிடிபட்டான். கடைசியில் தகப்பன் அதிகாரிகளோடு பேசி மீட்டெடுத்தார். பிற்காலத்தில் எழுத்தாளரான அவர் 1936இல் அதை ஒரு நாவலாக்கினார். ஆக, கவிஞனும் ஓடுகாலியும் வேறுவேறு காரணத்தோடு வந்து போட்ட தொப்பி ஒன்றுதான்.

ஆனால் என்னை அதிகம் பாதித்தது 1915 யூன் மாதச் சம்பவம். ரஷ்யப் பேரரசிலிருந்து ஓடிவந்து பரிசில் குடியேறிய தொழிலாளர்கள், இவர்களில் யூதர்கள் பலர், போர் தொடங்கியதும் பிரான்சின் மீதிருந்த பற்றால் சேர்ந்தவர்கள். மனித உரிமைகளின் நாடு என்று நம்பியவர்கள். அவர்களை லெஜியோனின் பழைய ஆட்களின் கீழே விட்டார்கள். அந்தப் பழையவர்கள் இவர்களைப் பார்த்து, நீங்கள் சாப்பாட்டுக்காக வந்தவர்கள், பசிக்கு வந்தவர்கள் என்று ஏளனம் செய்தார்கள். இந்த அவமதிப்பைப் பொறுக்காத ஒரு பகுதியினர், எம்மைச் சாதாரண பிரெஞ்சு ரெஜிமென்ற் ஒன்றுக்கு மாற்றுங்கள் என்று கோரிப் பணிய மறுத்தார்கள். ஒன்பது பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். சேர்ந்த காரணத்தை இன்னொருவன் கேவலப்படுத்தியதில் தொடங்கி ஒன்பது உயிர்வரை போயிருக்கிறது. அவர்களில் பசியும் இல்லாமலா இருந்திருக்கும்? போர் தொடங்கியவுடன் பரிசின் சிறு பட்டறைகள் மூடப்பட்டன. வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். பற்றும் பசியும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம் என்பதை அந்தப் பழைய சிப்பாய்களும் ஒப்புக்கொள்ளவில்லை, அவர்களும் ஒப்புக்கொள்ளவில்லை.

1939இல் இன்னொரு அகதி அலை. பிராங்கோவிடம் தோற்ற ஸ்பெயின் குடியரசுவாதிகள், குடும்பங்களோடு சேர்த்து ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர், எல்லை தாண்டினார்கள். ஆர்ஜெலெஸ் கடற்கரை மணலில் முட்கம்பி போட்டு அடைத்தார்கள். ஆண்களுக்கு முன்னால் வைக்கப்பட்டவை சில வழிகள்: பிராங்கோவிடம் திரும்பு, தொழிலாளர் அணியில் மண் வெட்டு, அல்லது லெஜியோனில் கையெழுத்து வை. விரும்பிச் சேர்தல் என்ற சொல் முட்கம்பிக்குள் என்ன பொருள் தரும் என்று தெரியவில்லை. ஆயினும் சேர்ந்தவர்கள் வெறும் நிர்ப்பந்தத்தால் மட்டும் போரிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 1940 மே மாதத்தில் நோர்வேயின் நார்விக்கில் இறங்கிய 13ஆவது அரைப் படைப்பிரிவில் ஸ்பானியர்கள் நிறைய. 1944 ஓகஸ்ட் 24 இரவு பரிசுக்குள் முதலில் நுழைந்த ஒன்பதாவது கொம்பனியில் பெரும்பான்மையும் அவர்களே. பல வழிகளால் சுற்றி, சிலர் லெஜியோன் வழியாகவும் அங்கு வந்து சேர்ந்தவர்கள். ஹிட்லரை அடித்தபின் பிராங்கோவை அடிப்போம் என்பது அவர்களின் கணக்கு. இரண்டாவது பகுதி நடக்கவில்லை.

அதே 1939இல் ஹிட்லரிடமிருந்து ஓடிவந்த ஜேர்மன், ஒஸ்ரிய யூதர்களை, எதிரி நாட்டுப் பிரஜைகள் என்று பிரான்ஸ் முகாமில் போட்டது. வெளியேற ஒரு வழி லெஜியோன். போலந்து, ருமேனியாவிலிருந்து வந்திருந்தவர்களையும் ஸ்பானியர்களையும் சேர்த்து உருவாக்கிய வெளிநாட்டுத் தொண்டர் ரெஜிமென்றுகளுக்குத் துப்பாக்கி வாரும் இல்லாமல் கயிறு கட்டினார்கள். கயிற்று ரெஜிமென்றுகள் என்று பெயர் வந்தது. பிரான்ஸ் தோற்றபின் நடந்ததுதான் கொடுமை. போர்க்காலத்துக்கென்று சேர்ந்த இந்த வெளிநாட்டவர்களில் ஒரு பகுதியினரை விஷி அரசு சஹாராப் பாலைவன முகாம்களுக்கு அனுப்பி ரயில் பாதை போட வைத்தது. பத்திரத்துக்காகக் கையெழுத்து வைக்கும் எவனும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். ஆர்தர் கோஸ்லர் கெட்டித்தனமாகப் பாவித்தார். 1940இல் அல்பேர் துய்பேர் என்ற சுவிஸ் ராக்சிச் சாரதியாகப் பெயர் கொடுத்துச் சேர்ந்து, அந்தப் பத்திரத்தோடு ஜேர்மானியரிடமிருந்து தப்பி, வட ஆபிரிக்கா, லிஸ்பன் வழியாக இங்கிலாந்து போனார்.

1945க்குப் பின் காட்சி தலைகீழானது. இப்போது வந்தவர்கள் தோற்ற ஜேர்மானியர்கள். பிரெஞ்சுப் போர்க்கைதி முகாம்களில் பட்டினி. கையெழுத்து வைத்தால் சாப்பாடு. சிலருக்கு மறைக்க வேண்டிய கடந்தகாலம் இருந்தது, பலருக்குத் திரும்பிப் போக வீடு இருக்கவில்லை. இந்தோசீனாவில், 1954 மே 7இல் வீழ்ந்த தியன் பியன் பூவரை, அவர்கள் வியட்நாம் விவசாயிகளோடு போரிட்டார்கள். தனக்கு அந்த மண்ணோடு ஒரு பகையும் இல்லாதவன், வயிற்றுக்காகவோ பெயரை மறைக்கவோ போய், தன் நாட்டை மீட்கப் போராடுபவனைச் சுடுகிறான். எனது நண்பரின் குற்றச்சாட்டு இந்த இடத்தில் முழுப்பலத்தோடு நிற்கிறது. காரணத்தை விளங்கிக்கொள்வது வேறு, செய்ததை மன்னிப்பது வேறு. எங்கள் ஆட்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு, விளங்கிக்கொள்ளவே மறுக்கிறார்கள்.

எமது கதையைத் தொடாமல் இதை எழுத முடியவில்லை. 1983 யூலைக்குப் பின், வல்வெட்டித்துறையிலும் மாதகலிலும் இருந்து படகேறியவர்களில் என் வகுப்பில் படித்தவர்கள் ஆறு பேர். எல்லோருக்கும் நாங்கள் வைத்த காரணம் ஒன்று: உணர்வு. இன்று நினைத்துப் பார்க்கிறேன். ஒருவனின் தமையனை ஆமி கொண்டுபோயிருந்தது. ஒருவன் ஏ.எல் இரண்டாந்தரமும் பெயில். ஒருவனைத் தகப்பன் மற்றவர்கள் முன்னால் செருப்பால் அடித்திருந்தார். இன்னொருவன் போனது, முதல் மூவரும் போய்விட்டார்கள் என்பதால். தனியே மதகில் குந்தியிருக்க வெட்கம் என்று என்னிடமே சொன்னான். மற்ற இரண்டு பேரைப் பற்றி எனக்குத் தெரியாது. எவனுக்கும் கொழும்பில் எரிந்த வீடுகள் நெஞ்சில் இல்லாமல் இல்லை. ஆனால் எரிந்த வீடுகள் எல்லோர் நெஞ்சிலும்தான் இருந்தன. என் நெஞ்சிலும் இருந்தன. நான் போகவில்லை. ஏன் இவன் போனான், ஏன் நான் போகவில்லை என்ற கேள்விக்கு உணர்வு என்ற சொல் பதில் தராது. செருப்பும் பெயிலும் மதகும்தான் பதில் தரும். விரும்பிப் போனவர்களைப் பற்றியே பேசுகிறேன். பின்னாட்களில் பிடித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளைகளின் கதை வேறு. செருப்படி வாங்கியவன் 1986இல் இறந்தான். சுவரொட்டியில் செருப்பைப் பற்றி எழுத முடியாது என்பது எனக்கும் தெரியும்.

பன்னிரண்டாம் நாள் அவன் திரும்பி வந்தான். தலை மொட்டை. நொஜோனில் சில நாள், பிறகு இரவு ரயிலில் ஒபாஞ். ஓட்டத்தில் நன்றாகச் செய்திருந்தான். விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னானாம். இங்கே எழுதிக் கொடுத்த அதே கதையை. அவர்கள் நம்பினார்கள் என்றான். விழுத்தியது வைத்தியப் பரிசோதனை. 1987 மே மாதம், ஒப்பரேசன் லிபரேசன் நாட்களில், பதினைந்து வயதில் அவனது தொடையில் ஷெல் துண்டு ஏறியிருந்தது. தழும்பைப் பார்த்த இராணுவ வைத்தியர் எக்ஸ்றே எடுத்து, உள்ளே இன்னும் ஒரு சிறு துண்டு இருப்பதைக் காட்டினார். சேவைக்குத் தகுதியில்லை. ரயில் ரிக்கற்றும் நின்ற நாட்களுக்கு ஏதோ காசும் கொடுத்து அனுப்பினார்கள். அகதிக் கோரிக்கையில் அவன் எழுதிய காயம் அதுதான். அவனது அச்சம் பொதுவான நிலைமையைப் பற்றியது, தனிப்பட்டது என்று நிறுவப்படவில்லை என்றே கடிதங்களில் இருந்தது.

நாங்கள் பரபரப்படைந்தோம். ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்றே எடுத்து, புதிய ஆதாரம் என்று வழக்கை மீளத் திறக்க விண்ணப்பித்தோம். நான்தான் மொழிபெயர்த்தேன். கிடைக்கவில்லை. உடம்புக்குள் இரும்பு இருப்பதை அது காட்டுகிறது, அவனை யாரோ தேடுகிறார்கள் என்பதைக் காட்டவில்லை. சட்டத்தின் கண்ணால் பார்த்தால் அதில் ஒரு தர்க்கம் உண்டு என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். ஷெல் பெயர் கேட்டு விழுவதில்லை. ஆறு வருடம் பத்திரமில்லாமல் இருந்தான். 1997 யூன் 24ஆம் திகதிய சுற்றறிக்கையின் கீழ் சுமார் 80,000 பேருக்கு வதிவிட அனுமதி கிடைத்தபோது, அவனும் அவர்களில் ஒருவன்.

பின்னொரு காலத்தில், மொழிபெயர்ப்பு வேலைக்காக, 2005இல் நடைமுறைக்கு வந்த வெளிநாட்டவர் சட்டக்கோவையை வாசித்துக்கொண்டிருந்தேன். பத்துவருட வதிவிட அட்டையை உரிமையாகப் பெறுபவர்கள் யார் என்ற பட்டியல். ஏழாவதாக, மூன்று வருடமாவது சேவை செய்து நன்னடத்தைச் சான்றிதழ் பெற்ற லெஜியோன் சிப்பாய். எட்டாவதாக, அகதி அந்தஸ்துப் பெற்றவர். இரண்டு வரிகளும் அடுத்தடுத்து இருந்தன. அன்று அவன் இந்த வரிக்கும் அந்த வரிக்கும் இடையில்தான் ரயிலேறி இறங்கினான்.

இப்போது அவனுக்கு ஐம்பது கடந்துவிட்டது. பரிசுக்கு வெளியே குடும்பத்தோடு இருக்கிறான். சென்ற வருடம் ஒரு ஞாயிறு சாப்பிடக் கூப்பிட்டான். மூத்த மகன், இங்கே பிறந்த பிரெஞ்சுப் பிரஜை, படிப்பு முடிந்ததும் பிரெஞ்சு இராணுவத்தில் சேர விரும்புகிறான் என்று தாய் அழுதுகொண்டிருந்தார். லெஜியோனில் அல்ல, சாதாரண ரெஜிமென்ற் ஒன்றில். என்னைக் கூப்பிட்டதே புத்தி சொல்லத்தான். நான் பெடியனிடம் ஏன் என்று கேட்டேன். விளையாட்டுப் பிடிக்கும், வாகனத் திருத்தம் பழகலாம், சாரதி அனுமதிப்பத்திரம் இலவசமாக எடுக்கலாம் என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, வகுப்பில் எல்லோரும் நீ எங்கிருந்து வந்தாய் என்றுதான் கேட்கிறார்கள், யூனிபோர்ம் போட்டால் கேட்கமாட்டார்கள் என்று பிரெஞ்சில் சொன்னான். தாய்க்கு அது விளங்கவில்லை. தகப்பனுக்கு விளங்கியது.

நான் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. கோழிக்கறி நல்லாயிருந்தது. தேத்தண்ணி குடிக்கும்போது பெடியன் தகப்பனைப் பார்த்து, "அப்பா, நீங்கள் அந்த நேரம் லெஜியோனுக்கு ஏன் போனனீங்கள்?" என்று கேட்டான்.

"விசாவுக்கு" என்றான் அவன்.